முதல் பேட்ச் அனுப்பி 19 நாள் ஆகிறது: இந்த மௌனத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

சிறுசேரி மாணவி | வியாழன், இரவு 10.42

அனைவருக்கும் வணக்கம். பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இங்கே ஓராண்டாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய தமிழ் அகராதித் தேடல் மென்பொருள் ஒன்றில் 'கொடி' என்று தேடினால் சில நேரம் சொல் கிடைக்கிறது, சில நேரம் கிடைப்பதில்லை. இரண்டு வாரம் குடைந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. 'கொ' என்ற எழுத்தை, கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் இரண்டு வகையாக எழுத முடிகிறது. ககரத்தின் பின்னால் 'ொ' என்ற ஒற்றைக் குறியை இடலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்தும் இடலாம். திரையில் இரண்டுக்கும் எள்ளளவும் வேறுபாடு தெரியாது, ஆனால் கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். பைத்தான் நிரல்மொழியில் இதைச் சரிசெய்ய, இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றும் இயல்பாக்கம் என்ற வழி ஏற்கெனவே இருப்பதைக் கண்டுபிடித்து, நான்கு வரியில் ஒரு பேட்ச், அதாவது நிரல் திருத்தம் எழுதி, அதைச் சேர்த்துக்கொள்ளும்படி பராமரிப்பாளரிடம் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன்.

இன்றோடு 19 நாள் ஆகிறது. ஏற்றுக்கொண்டோம் என்றோ தவறு என்றோ ஒரு சொல்கூட வரவில்லை. என் ஆங்கிலம் சரியில்லையா, கேட்கக் கூடாத இடத்தில் கேட்டுவிட்டேனா என்று தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். நினைவூட்டினால் கோபித்துக்கொள்வார்களோ என்றும் அச்சமாக இருக்கிறது. விடுதியில் உடன் இருப்பவர்களோ, இதற்குச் செலவிட்ட நேரத்தில் ஏதாவது பெரிய களஞ்சியத்தின் (ஒரு மென்பொருளின் நிரல் முழுவதும் இருக்கும் இடம்) ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் பெயரைச் சேர்த்து அனுப்பியிருந்தால் வேலைவாய்ப்பு நேர்காணலில் காட்ட ஒரு கணக்காவது கிடைத்திருக்கும் என்கிறார்கள். பிழை என் பக்கமா?

கஜேந்திரா வட்டம் | வியாழன், இரவு 11.30

மாணவி அவர்களுக்கு, பிழை உங்கள் பக்கம் இல்லை. நினைவூட்டுவதும் தவறில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் ஆவணமே, பேட்ச் அனுப்பியவர் குறைந்தது ஒரு வாரம் பொறுத்த பின் மீண்டும் கேட்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. உலகிலேயே கடுமையான குழு என்று பெயர் வாங்கியவர்களே அப்படிச் சொல்லும்போது, 19 நாள் காத்திருந்த நீங்கள் அளவுக்கு மீறிய பொறுமைசாலி.

ஒரு செய்தியைச் சொல்கிறேன். ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா ஒருமுறை தன் பங்களிப்பாளர்களின் தரவை ஆராய்ந்து பார்த்தது. முதல் பேட்சுக்கு 48 மணி நேரத்துக்குள் ரிவியூ, அதாவது சரிபார்த்துச் சொல்லும் கருத்து, கிடைத்தவர்கள் பெரும்பாலும் மீண்டும் வந்தார்கள். ஏழு நாளுக்கு மேல் காத்திருந்தவர்கள் திரும்பி வரவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு அந்த எண்ணிக்கை விழுந்திருந்தது. கனிவான சொற்களை எழுதி வைப்பது, நடத்தை நெறிமுறையை முகப்பில் தொங்கவிடுவது ஆகியவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் புதிதாக வருபவர் வாசலில் கட்டிய தோரணத்தைப் பார்ப்பதில்லை. உள்ளிருந்து எவராவது 'யாரது?' என்று குரல் கொடுக்கிறார்களா என்றுதான் பார்க்கிறார்.

சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கியது. ஐஐடி வளாகத்தில் கஜேந்திரா வட்டத்துக்கு அருகில், வான்பொறியியல் துறையின் ஒரு வகுப்பறையில் இரண்டாம் சனிக்கிழமைதோறும் நெடுங்காலம் கூடினோம். நான் முதன்முதலாகப் போன அன்று மோடத்தை வேலை செய்ய வைக்கத் தெரியாமல் முழு சிபியூவையும் பேருந்தில் சுமந்துகொண்டு போயிருந்தேன். என்னை யார் என்றே அறியாத ஒருவர், தாம் பேச வேண்டிய முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, முக்கால் மணி நேரம் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். விசைப்பலகையை அவர் தொடவே இல்லை. 'இப்போது இதை அடியுங்கள், என்ன வருகிறது என்று படித்துக் காட்டுங்கள்' என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே மான்கள் மேய்ந்ததெல்லாம் பிற்பாடுதான் என் கண்ணில் பட்டது.

மூன்றாம் ஷிஃப்ட் | வெள்ளி, அதிகாலை 2.15

பெரியவர் சொன்னது உண்மைதான். ஆனால் மௌனத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் யாராவது சொல்ல வேண்டும்.

பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் இரண்டு சிறிய நிரலகங்களை நான் பராமரிக்கிறேன். எவரும் ஊதியம் தருவதில்லை. அலுவலகப் பணி முடிந்து, குழந்தை உறங்கிய பிறகு, இந்த நேரத்தில்தான் அவற்றைத் திறக்கிறேன். திறந்தவுடன் கண்ணில் படுவது இந்த மாணவி அனுப்பியது போன்ற அக்கறையான நான்கு வரி என்று நினைத்துவிட வேண்டாம். அக்டோபர் மாதம் என்றால் எனக்கு இப்போதும் கலக்கம்தான். 2014-இல் டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் தொடங்கிய ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற அக்டோபர் மாதப் பங்களிப்பு இயக்கம் நல்ல நோக்கத்தில் வந்ததுதான். நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்றார்கள். 2020-இல் அது எங்கே போய் நின்றது என்பது ஊரறிந்த கதை. ஒரு காற்புள்ளியை நீக்குவது, தலைப்பில் 'அற்புதமான' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பது என்று ஆயிரக்கணக்கில் குப்பை குவிந்து, மாதம் பிறந்த சில நாளிலேயே, விருப்பம் தெரிவித்த களஞ்சியங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியை மாற்ற நேர்ந்தது. 2024-இல் எக்ஸ்பிரஸ் என்ற வலைநிரல் திட்டத்தின் களஞ்சியத்திலும் இதே கூத்து: ரீட்மீ கோப்பில் தம் பெயரைச் சேர்த்து அனுப்பியவர்களின் வரிசை நீண்டுகொண்டே போயிற்று, அவர்களில் பலர் நம் நாட்டு மாணவர்கள். உங்கள் விடுதித் தோழிகள் சொன்ன அறிவுரை எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா?

இப்போது அதன் மேல் செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பேட்சுகள் வேறு. இணையம் வழியாகத் தரவைப் பரிமாறும் கர்ல் மென்பொருளை உருவாக்கியவர், இல்லாத பாதுகாப்புக் குறையை இருப்பதாகப் பக்கம் பக்கமாக விவரிக்கும் அறிக்கைகளால் தமக்கு ஏற்படும் அலுப்பைப் பலமுறை வெளிப்படையாகவே எழுதிவிட்டார். இயங்குதளத் திட்டங்களான ஜென்டூவும் நெட்பிஎஸ்டியும் 2024-இல் முடிவெடுத்தன: செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் பங்களிப்பை ஜென்டூ ஏற்பதில்லை, நெட்பிஎஸ்டி முன் அனுமதி இல்லாமல் ஏற்பதில்லை. ஒருவர் ஒரு நிமிடத்தில் உண்டாக்கி அனுப்புவதைப் படித்து, ஓட்டிப் பார்த்து, மறுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அந்தக் குவியலுக்கு அடியில் உங்கள் நான்கு வரி கிடக்கிறது என்பதே என் ஊகம். உங்களை அவமதிப்பதற்காக எவரும் மௌனம் காக்கவில்லை.

வழுதேடி | வெள்ளி, காலை 8.05

மூன்றாம் ஷிஃப்ட் அண்ணாவின் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் 'பார்த்தேன், அடுத்த வாரக் கடைசியில்தான் விரிவாகப் பார்க்க முடியும்' என்று எழுத அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடமும் இல்லையென்றால், இந்தக் களஞ்சியத்தை இப்போது எவரும் கவனிப்பதில்லை என்று முகப்பில் எழுதிவிடுவது நேர்மையானது. இயந்திரம் தானாக அனுப்பும் 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி' என்ற வரியை நான் பதிலாகவே எண்ணுவதில்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணில் இசையைக் கேட்டுக்கொண்டே இருப்பதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

நான் தரமணியில் மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறேன். என் முதல் பங்களிப்பு நிரலே அன்று. ஒரு திட்டத்தை என் மடிக்கணினியில் நிறுவ முயன்றேன். நிறுவும் குறிப்பு ஐந்து வரிதான். முதல் வரியே 3 ஜிபிக்கு மேல் பதிவிறக்கியது, நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் கைப்பேசி இணைப்பை வைத்துக்கொண்டு, பாதியில் அறுந்து, மறுநாள் மீண்டும் தொடங்கி, மூன்று நாள் போராடினேன். நான்காம் நாள் வேறொரு பிழை வந்தது: குறிப்பில் சொல்லியிருந்த கோப்பு அந்தப் பெயரில் இல்லவே இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, செய்தது அனைத்தையும் வரிசையாக எழுதிக் கேட்டேன். அன்று மாலையே ஒருவர் பதில் எழுதினார்: 'அந்தக் கோப்பின் பெயரை நாங்கள் சென்ற ஆண்டே மாற்றிவிட்டோம், குறிப்பை மாற்ற மறந்துவிட்டோம். எங்களுக்கு எல்லாம் ஏற்கெனவே நிறுவப்பட்டிருப்பதால் இது எங்கள் கண்ணில் படவே படாது. நீங்கள் எழுதியிருக்கும் இதே வரிசையைக் குறிப்பாக மாற்றி அனுப்ப முடியுமா?'

அந்த ஒரு கேள்வியால் ஒன்றும் தெரியாதவள் என்ற நிலையிலிருந்து அவர்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவள் என்ற நிலைக்கு நான் போனேன். ஒரு திட்டத்தின் நிறுவும் குறிப்பில் உள்ள ஓட்டை புதிதாக வருபவருக்கு மட்டுமே தெரியும். இரண்டு வாரம் கழித்து அவருக்கும் தெரியாமல் போய்விடும். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளம் 2017-இல் நடத்திய கருத்துக்கணிப்பில், முழுமையற்ற, பழையதாகிப்போன ஆவணங்களைத் தாம் எதிர்கொள்வதாக 93 சதவீதத்தினர் சொன்னதில் எனக்கு வியப்பே இல்லை. மீதி 7 சதவீதத்தினர் யார் என்பதுதான் வியப்பு.

ரிச்சி தெரு | வெள்ளி, பகல் 1.20

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 'முதலில் செய்ய ஏற்றது' என்ற அடையாளத்தை ஒட்டி வைத்த இஷ்யூக்களின் (செய்ய வேண்டிய வேலைகளின் பதிவுகள்) நிலைமையை எவரும் பேசவில்லை. அடையாளம் ஒட்டிய பத்தே நிமிடத்தில் 'எனக்கு ஒதுக்குங்கள்' என்று ஏழு பேர் எழுதிவிடுகிறார்கள். ஒதுக்கப்பட்டவர் காணாமல் போகிறார். மற்ற ஆறு பேர், ஒதுக்கீடு ஆகிவிட்டதே என்று தொடுவதில்லை. ஆறு மாதம் கழித்தும் அது அப்படியே கிடக்கிறது. இதைவிட எவருக்கும் ஒதுக்காமல், முதலில் வேலையைக் காட்டுபவருக்கே என்று வைத்துவிடலாம்.

கஜேந்திரா வட்டம் | வெள்ளி, மாலை 6.50

ரிச்சி தெரு நண்பர் சொல்வது முழுக்கச் சரியென்று எனக்குப் படவில்லை. ஒதுக்கீடு இல்லையென்றால் மூன்று பேர் ஒரே வேலையைச் செய்துவிட்டு, இருவர் மனம் கசந்து போவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒதுக்கி, அசைவு இல்லையென்றால் தானாக விடுபடும்படி வைப்பதே என் அனுபவத்தில் ஓரளவு வேலை செய்தது.

உண்மையில், அடையாளம் ஒட்டுவதல்ல சிக்கல். அந்த இஷ்யூவுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதே. லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் குழுவினர் எளிய வேலைகளைத் தனியாகப் பிரித்து, கடினத்தின் அளவு, தேவைப்படும் திறன், நிரலில் எங்கே பார்க்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றோடு வைக்கிறார்கள். அப்படி ஒரு குறிப்பு எழுத எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது, அந்த வழுவை, அதாவது நிரல் பிழையை, நானே சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். இங்கேதான் பராமரிப்பாளரின் கை அரிக்கிறது. நானும் பலமுறை தோற்றிருக்கிறேன். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் பைத்தான் 5 என்று விடை சொல்லும். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடும். மூன்று என்று சொல்ல வைக்கும் சிறு செயற்கூற்றை ஒரு மாணவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மழை, மின்சாரமும் இருந்தது, செய்து முடித்துவிட்டேன். திங்கட்கிழமை அந்த மாணவர் 'ஐயா, பாதி முடித்துவிட்டேன்' என்று எழுதினார். அதன் பிறகு அவரை நான் எங்கும் பார்க்கவில்லை. அவர் வேறு எங்காவது நன்றாக இருக்கிறார் என்று நம்பிக்கொள்கிறேன்.

தெரிந்தவர்கள் வேண்டுமென்றே செய்யாமல் விட்டு வைக்கும் வேலை இல்லாத இடத்தில் புதியவருக்கு நிற்க இடமில்லை. கெர்னலில் ஸ்டேஜிங் என்றொரு அடைவு இருக்கிறது. இன்னும் பக்குவப்படாத டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) அதில் கிடக்கும், முதல் பேட்ச் அனுப்புபவர்கள் பலர் அங்கேதான் கைபழகுகிறார்கள். அதில் வரும் பேட்சுகளில் பெரும்பகுதி இடைவெளியையும் வரி நீளத்தையும் சீராக்குபவைதான் என்று சிலர் எள்ளுவார்கள். எள்ளட்டும். மின்னஞ்சலில் பேட்சை எப்படி அனுப்புவது, யாருக்கு அனுப்புவது, திருப்பி அனுப்பினால் இரண்டாம் வடிவத்தை எப்படி எழுதுவது என்ற சடங்கு முழுவதையும் ஆபத்தில்லாத இடத்தில் ஒருமுறை செய்து பார்க்க அது உதவுகிறது.

பெரம்பூர் தட்டச்சர் | வெள்ளி, இரவு 9.10

மாணவி 'என் ஆங்கிலம் சரியில்லையா' என்று கேட்டதை எல்லோரும் கடந்து போய்விட்டீர்கள்.

நான் தமிழ்வழியில் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு முன்னரே இடைமுகங்களைத் தமிழாக்கம் செய்யத் தொடங்கினேன்; 'ஃபைல்' என்பதற்குக் கோப்பா ஆவணமா என்று இரவெல்லாம் மின்னஞ்சலில் சண்டை போட்ட கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆயிரக்கணக்கான வரிகளை மொழிபெயர்த்த பிறகும், ஒரு வழுவைப் பதிவுசெய்ய ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் எழுத எனக்கு ஒரு நாள் ஆகும். எழுதி, அழித்து, மருமகனிடம் காட்டித் திருத்தி, அதற்குள் அந்த வழுவின் மேல் இருந்த ஆர்வமே வடிந்துவிடும். கேள்வியைத் தவறாகக் கேட்டுவிடுவோமோ என்ற அச்சத்தில் கேட்காமலே விட்டவை கேட்டவற்றைவிட அதிகம்.

கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழிலேயே எழுதி வருவதால், கிட் என்றால் என்ன, களஞ்சியம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள இன்றைய பிள்ளைகள் என்னைப் போல் திண்டாட வேண்டியதில்லை. ஆனால் கற்பது தமிழில் நடந்தாலும், கேட்பது இன்னும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. தமிழ்ச் சொற்களைத் தேடும் மென்பொருளுக்கு, தமிழ் அறிந்த பராமரிப்பாளருக்கு, தமிழ் எழுத்தில் உள்ள வழுவைப் பற்றி இந்த மாணவி ஆங்கிலத்தில் எழுதிவிட்டு அது சரியாக இருந்ததா என்று 19 நாள் கவலைப்பட்டிருக்கிறார். அத்தகைய திட்டங்களாவது 'தமிழிலும் எழுதலாம்' என்று முகப்பில் ஒரு வரி சேர்க்கலாம் அல்லவா?

ஐயப்பேர்வழி | வெள்ளி, இரவு 11.48

எல்லோரும் கதவை அகலத் திறக்கச் சொல்கிறீர்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் கதையை மறந்துவிட்டீர்களா? ஜியா டான் என்ற பெயரில் வந்தவரும் ஒரு காலத்தில் புதியவர்தான். பொறுமையாக, பணிவாக, பயனுள்ள பேட்சுகளை அனுப்பி, பராமரிப்பாளராகவே ஆகி, கடைசியில் பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழைய ஒரு பின்கதவு வைத்தார். முகம் தெரியாதவரை எந்த நம்பிக்கையில் வரவேற்பது?

மூன்றாம் ஷிஃப்ட் | சனி, அதிகாலை 1.30

அந்தக் கதையை நான் மறக்கவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு அது கெட்ட கனவு. ஆனால் அதை முழுவதும் சொல்ல வேண்டும். எக்ஸ்இசட் மென்பொருளை நெடுங்காலமாக ஒரே ஒருவர்தான் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். உடல்நலமும் மனநலமும் ஒத்துழைக்கவில்லை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். அப்போது அறிமுகமில்லாத சிலர் வந்து, பேட்சுகள் தேங்குகின்றன, வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று நெருக்கினார்கள். கைகொடுக்க அருகில் இருந்தவர் அந்த ஒரே 'உதவியாளர்'தான். 2024 மார்ச் இறுதியில், தொலைவில் உள்ள கணினியில் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தளப் பொறியாளர் துருவிப் பார்த்ததால் உலகம் தப்பித்தது. பக்கத்தில் மேலும் நான்கு பேர் வளர்ந்திருந்தால், அந்த ஒருவரைச் சுற்றி வளைப்பது இவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

வரவேற்பதும் சாவியைக் கொடுப்பதும் ஒன்றல்ல. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில் புதியவர் ஒரு பொதியை (நிறுவத் தயாரான மென்பொருள் கட்டு) உருவாக்கலாம், ஆனால் ஏற்றுவதற்கு உரிமை பெற்ற ஒருவர் அதைச் சரிபார்த்துத் தம் கையொப்பத்தோடு ஏற்ற வேண்டும். அப்படிப் பலமுறை நடந்த பிறகே அவருக்கு உரிமை படிப்படியாகக் கிடைக்கும். 2023-இல் கொச்சியில் டெபியனின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் நடந்தபோது அங்கு போயிருந்தேன். ஒருவரின் அடையாள அட்டையைப் பார்த்து, அவருடைய மின்னணுச் சாவியின் விரல் ரேகை எனப்படும் நீண்ட எண்வரிசையைத் தாளில் சரிபார்த்து, பிறகு அந்தச் சாவியில் கையொப்பம் இடும் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கல்யாண வீட்டில் மொய் எழுதுவது போன்ற ஒழுங்கு.

பேசியது போதும் என்று மாணவியின் பேட்சைத் தேடி எடுத்துப் படித்தேன். அந்தத் திட்டம் என்னுடையது அன்று, எனவே வெளியாள் ஒருவரின் கருத்தாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிப்பு சரியானது, விளக்கம் தெளிவாக இருக்கிறது, ஆங்கிலத்திலும் குறையில்லை. ஆனால் பயனர் தட்டச்சும் தேடுசொல்லை மட்டுமே இயல்பாக்கியிருக்கிறீர்கள். அகராதிக் கோப்பில் உள்ள சொல்லும் பிரிந்த வடிவில் இருந்தால் என்ன ஆகும்? பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் கொம்பும் காலும் பிரிந்தே கிடக்கும். ஒரு கையை மட்டும் கழுவியது போல் ஆகிவிட்டது. சொற்பட்டியலை ஏற்றும் இடத்திலும் அதே வரியைச் சேருங்கள்.

இன்னொன்று, இதைக் கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது. ஔகாரக் குறியை என்ன செய்வீர்கள்? 'கௌதமன்' என்பதை ஒற்றைக்கொம்போடு ளகரத்தை இட்டு 'கெளதமன்' என்று தட்டச்சு செய்பவர்களே அதிகம். அந்த ளகரம் உண்மையான ளகரம் என்பதால் இயல்பாக்கம் அதைத் தொடவே தொடாது.

சிறுசேரி மாணவி | சனி, இரவு 8.35

எல்லோருக்கும் நன்றி. அண்ணா கேட்டது என் தலையிலேயே வரவில்லை. முதல் திருத்தத்தை இன்று காலையே செய்துவிட்டேன். சொற்பட்டியலை ஏற்றும்போது இயல்பாக்கினால் ஐந்து சோதனைகளும் தேறுகின்றன. பெரியவர் சொன்னபடி அந்தப் பக்கத்தில் ஒரு நினைவூட்டலும் எழுதினேன், இம்முறை ஆங்கிலத்துக்குக் கீழே தமிழிலும்.

ஔகாரத்துக்கு, ஒற்றைக்கொம்புக்குப் பின் ளகரம் வந்தால் ஔகாரக் குறியாக மாற்று என்று எழுதினேன். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அகராதியில் 'கெளுத்தி' மீன் காணாமல் போயிற்று. ளகரத்தின் மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன். கெளுத்தி திரும்பி வந்தது. அறைத்தோழி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், 'கெளம்பு என்று போட்டுப் பார்' என்றாள். அதுவும் போயிற்று. பிறகு 'வெளக்கமாறு'. வட்டார வழக்குச் சொற்களும் அந்த அகராதியில் இருக்கின்றன, அவற்றில் வெறும் ளகரமே வருகிறது. எனக்கு இப்போது எந்த விதியும் பிடிபடவில்லை.

மூன்றாம் ஷிஃப்ட் | சனி, இரவு 9.02

உங்கள் தோழிக்கு உடனே ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுங்கள். அவர் பிறவிச் சோதனையாளர்.

சொல்லை மாற்றாதீர்கள். அகராதியில் உள்ளது உள்ளபடியே இருக்கட்டும். தேடும்போது மட்டும், முதலில் தட்டச்சு செய்தபடியே தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் ளகரத்தை ஔகாரக் குறியாக்கி இரண்டாம் முறை தேடுங்கள். 'கெளம்பு' முதல் முறையிலேயே கிடைத்துவிடும், 'கெளதமன்' இரண்டாம் முறையில் கிடைப்பார். இதைத் தனி புல் ரிக்வெஸ்டாக அனுப்புங்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் பார்ப்பவர் மலைத்துப்போய் இரண்டையும் தள்ளி வைப்பார்.

வழுதேடி | ஞாயிறு, காலை 7.40

பைத்தான் பயன்படுத்துவோரின் சென்னைப்பை குழு நான்காம் சனிக்கிழமை கூடுகிறது. வர முடிந்தால் மடிக்கணினியோடு தோழியையும் அழைத்து வாருங்கள். பேச்சுகள் முடிந்த பிறகு ஓரமாக உட்கார்ந்து சோதனைகளை எழுதி முடித்துவிடலாம். அதற்குள் பதில் வந்தால் இங்கே சொல்லுங்கள்.

சிறுசேரி மாணவி | செவ்வாய், மாலை 5.15

பதில் வந்துவிட்டது. பராமரிப்பாளர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்ததில் இரண்டு மாதமாக எதையும் திறக்கவே இல்லையாம். மன்னிப்புக் கேட்டிருக்கிறார், தமிழிலேயே. முதல் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். இரண்டாவதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: ளகரத்தை இட்டு எழுதும் வழக்கமுள்ள உண்மையான சொற்கள் குறைந்தது இருபதாவது சோதனைக் கோப்பில் இருக்க வேண்டுமாம். என்னிடம் எட்டு இருக்கின்றன.

பெரம்பூர் தட்டச்சர் | செவ்வாய், மாலை 5.50

எங்கள் வீட்டுத் தினசரி நாட்காட்டியில் 'பெளர்ணமி' என்று அச்சாகியிருக்கிறது, ளகரத்தோடு. எழுதிக்கொள்ளுங்கள், ஒன்பது. 'வெளவால்' பத்து. மீதியைத் தேடி இரவு அனுப்புகிறேன்.